முன்பல்லில் ஒரு கோடு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருடைய வலது முழங்கால் மட்டும் மாடிப்படியோடு பேச்சை நிறுத்திவிட்டது. உன் முதுகுவலி குறைந்ததா? நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர் பல்லைச் செதுக்குகிறவன் நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும் என்று போன தடவையே எழுதினேன். உன் மனைவியும் என் மருமகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு உன் தொழில் சம்பந்தமாக ஒரு சந்தேகம். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உன்னைக் கூப்பிட்டால் உன்னைவிட உன் அரவை இயந்திரம்தான் அதிகம் பேசுகிறது.

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு மாதமாக ஒரு புதிய ஏற்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் கேமரா முன்னால் உட்கார்ந்து, இந்த வாரம் நகரத்துத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். தலைமை வேதியியலாளர் என்பதால் அது என் தலையில் விழுந்தது. பதினேழு வாரமாக, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, பயமில்லாமல் குடிக்கலாம் என்றுதான் சொல்லி வருகிறேன். பதினேழு வாரமாகக் காய்ச்சிக் குடிக்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதாம். வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்தம்மா முகத்தப் பாருங்க. தண்ணியில என்னமோ இருக்கு, சொல்ல மாட்டேங்கறாங்க."

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நான்கு தடவை உருட்டிவிட்டு, "கடைசியில லேசா ஒரு சிரிப்பு மட்டும் மேடம்" என்றார்.

நான் ஏன் சிரிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். மேல் முன்பல் இரண்டில் இடது பல்லுக்கு ஒரு மூலை இல்லை. முப்பத்தேழு வருடமாக உதட்டை மூடிக்கொண்டுதான் எல்லாப் புகைப்படத்திலும் நிற்கிறேன்.

ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயது. அவர் பல்லின் வெண்மைக்கு அந்த அறையில் விளக்கே தேவையில்லை. வெனீர் வைக்கலாம் என்றார். பல்லின் முன்பக்கத்தை அரை மில்லிமீட்டர் சுரண்டிவிட்டு, நகத்தின் கனத்தில் ஒரு பீங்கான் ஓட்டை அதன்மேல் ஒட்டுவதாம். உடைந்த பல்லுக்கு மட்டும் போதாது, எட்டுப் பல்லுக்கும் சேர்த்து வைத்தால்தான் பளிச்சென்று இருக்குமாம். சுரண்டிய எனாமல் திரும்ப வளராது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அந்தப் பல்லில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. இது எப்போதிலிருந்து என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இருபத்து நான்கு வருடமாக நீ செய்வதே இந்த ஓடுகளைத்தான். எனக்கு இது தேவையா? அலுவலகக் காரணத்தைத் தவிர வேறு காரணம் எனக்கு இல்லை. ஒளிக்காமல் சொல்.

எழுந்து நட.

உன் அக்கா

ஜனவரி 29

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது, முதுகும் தன் இடத்தில் இருக்கிறது. அத்தானின் முழங்காலிடம் நான் விசாரித்ததாகச் சொல். உன் மருமகள் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நம்புவதாகச் சொல்லி நாங்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் தொழில். எட்டுச் செய்வது சுலபம். எட்டும் ஒரே வெள்ளை, யாரோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று செய்வதுதான் கஷ்டம். பக்கத்துப் பல்லைப் பார்த்து அதன் மஞ்சள், மங்கல், தேய்மானம் எல்லாவற்றையும் பீங்கானில் கொண்டுவர வேண்டும். முன்பல் ஒன்று மட்டும் என்று ஒரு வேலை வந்தால் எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ குடிக்கும் ஞாபகம் வந்துவிடும். கடைசியில் நான்தான் உட்காருவேன். எனாமல் பற்றி டாக்டர் சொன்னது சரி. சுரண்டினால் சுரண்டியதுதான். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஓட்டையும் மாற்ற வேண்டி வரலாம். அதனால் நிதானமாக யோசி.

இரண்டாவது, வைப்பதென்று முடிவு செய்தால் அந்தப் பல்லை நான்தான் செய்வேன். வேறு எவன் கையாவது அதில் பட்டால் உன்னோடு பேச மாட்டேன்.

காரணம் உனக்கே தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், இதுவரை எழுதியதில்லை. எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பன்னிரண்டு. என்னுடைய நீல சைக்கிளில் உனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். விடாதே விடாதே என்று நீ கத்திக்கொண்டே மிதித்தாய். விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, கேரியரை விட்டேன். எதிர்வீட்டு இரும்புக் கேட்டில் போய் விழுந்தாய். வாயெல்லாம் ரத்தம். அம்மா உன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ஐயோ, முன்பல்லு போச்சே" என்றாள். அப்பா மறுநாள் சைக்கிளைப் பெரியப்பா பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேட்டுக்கு அடியில் மூன்று நாள் தவழ்ந்து உடைந்த துண்டைத் தேடினேன். கிடைத்தது. என்றைக்காவது ஒட்டிவிடலாம் என்று தீப்பெட்டியில் பஞ்சு வைத்து ஒளித்து வைத்தேன். இந்தத் தொழிலைப் படிக்கப் போன முதல் வாரம் அதைப் பூதக்கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்த்தேன். வெறும் கல். நானே சிரித்துவிட்டேன், ஆனால் தூக்கிப் போடவில்லை. ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் மார்க் பத்தவில்லை என்பேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்தக் கல்லுக்காகத்தான் வந்தேன்.

பல்லுக்கு அச்சு எடுத்து அனுப்பு. நன்றாகச் சாப்பிடு, அந்தப் பக்கத்தால் கடிக்காதே.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் புதிய கொதிகலன் வந்திருக்கிறது. பழையதைவிடச் சத்தம் குறைவு, நம்பகமும் குறைவு. உன் அத்தான் முழங்காலுக்கு ஒரு உறை வாங்கினார். அதை எந்தக் காலுக்குப் போடுவது என்பதில் மட்டும் தினமும் குழப்பம்.

சைக்கிள் விஷயத்தை நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. குழந்தைகள் விழுவார்கள். அதை விட்டுவிடு.

யோசித்துப் பார்த்தேன். வெனீர் வேண்டாம் என்றே தோன்றுகிறது. அப்படியே வைத்தாலும் இந்த டாக்டருக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இங்கேயே இருக்கிறது. உனக்கு எதற்கு வீண் சிரமம்? மார்ச்சில் மருமகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எழுதச் சொல்.

உன் அக்கா

மார்ச் 4

அன்பான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் கடிதத்தைப் படிக்கும் வரை நானும் நலமாகத்தான் இருந்தேன். டாக்டருக்குத் தெரிந்த பட்டறையாம், எனக்குச் சிரமமாம். கடிதத்தை உரக்கப் படித்தேன். உன் மருமகள் பரீட்சையை விட்டுவிட்டு எழுந்து வந்து, "அத்தை சிரிச்ச மாதிரி ஒரு போட்டோகூட நம்ம வீட்டுல இல்லப்பா" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் தேடினோம். அவள் சொன்னது சரி. உன் கல்யாணப் படத்தில்கூடக் கணக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்தவள் மாதிரிதான் இருக்கிறாய்.

வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லாதே. தண்ணீரைச் சோதிக்காமல் நீ கையெழுத்துப் போடுவாயா? ஒத்திகைப் பல் என்று ஒன்று உண்டு. எதையும் சுரண்டாமல், இருக்கிற பல்லின் மேலேயே மெழுகு மாதிரி ஒன்றை ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். அதைச் செய். அப்படியே மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுக்கும் அச்சு எடுத்து, முன்பல்லைக் கிட்டத்தில் நாலு படம் எடுக்கச் சொல்லிப் பார்சலில் அனுப்பு. நிற அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எடுக்கச் சொல்.

அத்தானுக்கு வலது கால் என்று உறையிலேயே எழுதி வை.

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உறையில் எழுதி வைத்தேன், இப்போது கண்ணாடியைத் தேடுகிறார். உன் முதுகு, மருமகளின் விடைத்தாள் இரண்டைப் பற்றியும் எழுது.

ஒத்திகை முடிந்தது. முறையான அறிக்கை கீழே.

திங்கட்கிழமை காலை எட்டுப் பற்களையும் ஒட்டினார்கள். நாக்குக்குத் தன் வீட்டிலேயே இடம் போதவில்லை. 'ஸ' வருகிற சொற்களில் எல்லாம் ஒரு விசில் சேர்ந்து வந்தது. எங்கள் கூடத்தில் சொற்களில் பாதி சல்பேட்டும் சோடியமும் என்பதால் வாயைத் திறக்கவே யோசித்தேன். வாசலில் காவலாளி அடையாள அட்டையைக் கேட்டார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

பதினொரு மணிக்கு இளைய வேதியியலாளர் கழுவாத குடுவையில் மாதிரி எடுத்துவிட்டாள். நான் கடுமையாகத்தான் பேசினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடம், நீங்க திட்டறீங்களா, பாராட்டறீங்களான்னு தெரியல" என்றாள். உதடு மூட இடமில்லாததால் நான் அவளைப் பார்த்து மலர்ந்திருக்கிறேன் போலிருக்கிறது.

சாயங்காலம் கதவைத் திறந்த உன் அத்தான் ஒரு விநாடி தயங்கி, "வாங்க" என்றார். பிறகு, "நீதானா? விருந்தாளின்னு நெனச்சேன்" என்றார்.

எனவே எட்டு இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை எடுத்துவிடுவதற்கு முன் குளியலறைக் கண்ணாடியில் ஒரு தடவை தனியாகச் சிரித்துப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நீ கேட்டபடி அச்சுகளும் படங்களும் பார்சலில் வருகின்றன. கேட்டுவிட்டாய் என்பதால்தான் அனுப்புகிறேன். மூன்றாவது படத்தில் அந்தக் கறுப்புக் கோடு தெரியும். எந்த மருந்துக்கும் போகாத பழைய கறை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உன் அக்கா

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நாங்கள் நலம்.

பார்சல் உன் கைக்கு வந்துவிட்டதாக ஏப்ரல் ஒன்பதாம் தேதியே ரசீது வந்தது. உன்னிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன். வேலையில் இருப்பதாக உன் மனைவி சொன்னாள், பின்னணியில் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா? முதுகா?

ஒரு வரி எழுதினால் போதும்.

உன் அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு நன்றாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். பார்சல் பத்திரமாக வந்தது, அச்சுகள் தெளிவாக இருக்கின்றன, படங்களும்.

இங்கே மழை. வேலை அதிகம்.

அப்பாவின் மேசை இப்போது யாரிடம் இருக்கிறது?

தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

உடல்நலத்துக்குக் குறையில்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் மேசை என்னிடம் இருக்கிறது. அதன்மேல்தான் உனக்கு எழுதும் எல்லாக் கடிதத்தையும் எழுதுகிறேன். இது உனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறாய், அதனால் பதில் எழுதுகிறேன்.

நீ சைக்கிளை விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பல் உடைந்தது அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம்.

அப்பா வெளியே போயிருந்தார். கட்டட வரைபடத்துக்கு அவர் வைத்திருந்த கறுப்பு மை, தண்ணீர் பட்டாலும் போகாதது, நாம் தொடவே கூடாதது, இந்த மேசைமேல் இருந்தது. நீ கீழே பாயில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு மீசை வரையலாம் என்று தோன்றியது. பாட்டிலின் தகர மூடி காய்ந்து இறுகியிருந்தது. கையால் திறக்க வரவில்லை. கடித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், வாயில் மை. மேசையின் இடது மூலையில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறதே, அதுவும் அன்று வந்ததுதான். தன் கை பட்டுத்தான் கொட்டியது என்று அப்பா கடைசிவரை நினைத்தார். பல் துண்டு எங்கே என்று கேட்பாய். விழுங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நான் அப்படிப்பட்ட பெண்ணாகத்தான் இருந்தேன். பிறகு கேட்டில் விழுந்தேன். உதடு மட்டும்தான் கிழிந்தது. அம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்து, பல் போச்சே என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. ஆட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உன் சைக்கிளைப் பெரியப்பா பையன் ஓட்டிக்கொண்டு போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் நீ பள்ளியை முடித்ததும் சொல்லலாம் என்று. அப்புறம் இது ஒரு விஷயமா என்று ஆகிவிட்டது. தீப்பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. கல்லுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாக நீ எழுதியதைப் படித்த பிறகு, சொல்லாமல் உன் கையால் பல்லை வாங்கி மாட்டிக்கொள்ள முடியவில்லை. சொல்லவும் வரவில்லை. அதனால்தான் வேண்டாம் என்று எழுதினேன். வெனீர் ஒட்டிவிட்டால் அந்தக் கோடும் அடியில் போய்விடும், யாருக்கும் தெரியாது. நாள் தவறாமல், உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போடுகிற எனக்கு அது ஒரு நிமிடம் வசதியாகக்கூடத் தோன்றியது.

நீ எவ்வளவு கோபப்பட்டாலும் நியாயம். ஆனால் எழுது.

உன் அக்கா

ஜூன் 5

அக்கா,

எல்லோரும் நலம். முதுகு, உன் மருமகள், அவள் மார்க் எல்லாம் நலம். இன்றைக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் சேர்த்து மூடினேன். உடைந்த மூலைக்கு நேர் கீழே கீழ்ப்பல்லிலும் ஒரு சின்ன வெட்டு. இரும்புக் கேட்டில் மோதினவளுக்குக் கீழ்ப்பல் எதற்கு உடைய வேண்டும்? இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஒரு மூடியின் விளிம்பு வைக்கிற அளவுக்கு இடம். இவள் எதையோ கடித்திருக்கிறாள் என்று மட்டும் அப்போது நினைத்தேன். பிறகு மூன்றாவது படத்தை எடுத்தேன். அந்தக் கறுப்பை எனக்குத் தெரியாதா? அப்பாவின் சட்டைப்பையிலும் நகக்கண்ணிலும் மேசை மூலையிலும் பார்த்து வளர்ந்த கறுப்பு அல்லவா?

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த வாரம் நான் செய்த கோரைப்பற்கள் எல்லாம் கொஞ்சம் கூராக வந்தன. ஒரு டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். சைக்கிள் போனதுகூடப் பெரிதில்லை. எனக்கு நாற்பது வயதானபோதாவது சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். பொறுக்க முடியாமல்தான் மேசையைப் பற்றிக் கேட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று என் மனைவியிடம் தீப்பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கூழாங்கல்லையா இத்தன வருஷமா கட்டிக்கிட்டு அழுதீங்க?" என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். நானும். எனக்கு மீசை வரையப்போய்த் தன் பல்லை உடைத்துக்கொண்டவள் என் மீது பழியைப் போட்டாள் என்று நினைத்தால் சிரிக்காமல் என்ன செய்ய? உன் மருமகள் கதவைத் திறந்து வந்து, என்ன என்று கேட்டு, அவளும் சிரித்து, அன்றைக்கு வீட்டில் வேலை கெட்டது.

இந்த வேலையைப் பற்றி நீ கவலைப்படாதே. கல்லுக்காக வந்தேன், இருபத்து நாலு வருஷம் இருந்தது பிடித்ததால்.

தண்டனை உண்டு. எனக்கு ஒரு சைக்கிள். நீல நிறம், மணி வைத்தது. மற்றதெல்லாம் மாப்பு.

இனிப் பல் விஷயம். என் மனம் குளிரட்டும் என்று பல்லை வைத்துக்கொள்ளாதே, குற்ற உணர்ச்சியால் வேண்டாம் என்றும் சொல்லாதே. மேலதிகாரியையும் காரணத்துக்குக் கூப்பிடாதே. உனக்கு வேண்டுமா? ஒரே வார்த்தையில் எழுது. வேண்டுமென்றால், அந்தக் கோட்டை நான் மறைக்கட்டுமா, வரையட்டுமா என்பதையும் சொல். பீங்கானில் என்னால் எதுவும் முடியும்.

உன் தம்பி (மீசை உண்டு, சொந்தமாக வளர்த்தது)

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டும்.

இந்த ஒரு சொல்லுக்கு மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில் மக்கள் தண்ணீரை நம்ப வேண்டும் என்று எழுதினேன். இரண்டாவதில் மெல்லுவதற்கு வசதி என்று. ஆசையாக இருக்கிறது என்பதுதான் காரணம். இந்த வயதில், எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிற ஒருத்திக்கு, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்ததை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று ஆசை. இதற்கு மேல் கேட்காதே.

ஒன்றே ஒன்று. வெள்ளையாக வேண்டாம். நாற்பத்தொன்பது வயது காப்பி குடித்த பல்லாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டையும் வரைந்துவிடு.

நாங்கள் நலம். உன் அத்தானுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப பல்லு உடைஞ்சிருந்துதா?" என்று கேட்டார். இருபத்து மூன்று வருடம் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி.

உன் அக்கா

ஆகஸ்ட் 8

அன்பான அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆசை, அதைவிட இந்தப் பெட்டி உடையாமல் வந்து சேர வேண்டும் என்று பெரிய ஆசை.

தீப்பெட்டியைத் திறந்து பார். அதே தீப்பெட்டி, அதே பஞ்சு. கல்லை நான் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் உன் பீங்கான் ஓட்டை வைத்திருக்கிறேன். மூன்று செய்து மூன்றையும் நானே உடைத்தேன். இது நாலாவது. பக்கத்துப் பல்லோடு வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

கோட்டை ஒற்றை மயிர்த் தூரிகையால் போட்டேன். அப்பா கோடு இழுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாரே, ஞாபகம் இருக்கிறதா? இழுத்து முடித்த பிறகுதான் நானும் மூச்சை நிறுத்தியிருந்தேன் என்று தெரிந்தது.

அரை மில்லிமீட்டருக்கு மேல் சுரண்ட விடாதே. மேலே ஒரு இழை போனாலும் எனக்குப் போன் செய். இயந்திரத்தை நிறுத்தி வைக்கிறேன்.

உன் தம்பி

செப்டம்பர் 13

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம், பல்லும் நலம்.

ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. நாற்காலியில் சாய்ந்த பிறகு, சுரண்டும் முன், டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பயம்தான். ஒரு நிமிடம் பொறுத்தார். பிறகு சரி என்றேன். உன் ஓட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா பண்ணிட்டு ஒரு கீறலை விட்டுட்டாங்களே. திருப்பி அனுப்பிடலாமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம், அது எங்கள் வீட்டு மை என்றேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

உனக்கு ஒரு பாராட்டு இருக்கிறது. யாருமே கண்டுபிடிக்கவில்லை. காவலாளி அட்டை கேட்கவில்லை. இளைய வேதியியலாளர் திட்டைத் திட்டு என்றே புரிந்துகொண்டாள். உன் அத்தான் ஐந்தாவது நாள் சாப்பிடும்போது என்னையே உற்றுப் பார்த்தார். சரி, தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். "முடி வெட்டிக்கிட்டியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை வீடியோவின் கடைசியில் சிரித்தேன். வாயைத் திறந்து, கோடு தெரியத்தான். மேலதிகாரி கை தட்டினார். கீழே அதே ஆள் எழுதியிருக்கிறார்: "இன்னிக்கு அந்தம்மா சிரிக்கறாங்க. கண்டிப்பா எதையோ மறைக்கறாங்க." இன்னும் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். குடிக்கட்டும். நான் அடுத்த வாரமும் சிரிப்பேன். படம் ஒன்று இத்துடன் இருக்கிறது, மருமகளிடம் கொடு.

சைக்கிள் வாங்கிவிட்டேன். நீலம்தான், மணியும் உண்டு. பார்சலில் போட மனமில்லை. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ரயிலில் நானே கொண்டு வருகிறேன், பத்து நாள் விடுப்பு.

ஒரு விஷயம் இன்னும் சொல்லவில்லை. உன் சைக்கிள் போன பிறகு எனக்கும் ஓட்டக் கற்றுக் கொடுக்க யாரும் இல்லை. இன்றுவரை எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் அன்று நீ விட்ட இடத்திலிருந்து எதிர்வீட்டுக் கேட் வரை பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியும் நான் தனியாகத்தான் ஓட்டினேன். விழுந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு முன்னால் நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. உடைந்த பல்லை மறந்துபோன ஒரே நேரம் அதுதான்.

அதனால் முதல் சுற்று நான்தான் ஓட்டுவேன். நீ பின்னால் பிடித்துக்கொள். விடாதே விடாதே என்று கத்துவேன், நீ பாட்டுக்கு விட்டுவிடு.

அதுவரை முதுகைப் பத்திரமாக வைத்துக்கொள். ஓடி வர வேண்டியிருக்கும்.

உன் அக்கா